செஞ்சிக்கோட்டைக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கோடம்பாக்கம் மகளிர் குழுவினர் பேசியது)



எங்களைப் பேசக் கூப்பிட்டதும் கடன் வசூலைப் பற்றிப் பேசச் சொல்வார்கள் என்று நினைத்து, நோட்டுப் புத்தகத்தை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தோம். "அதெல்லாம் எல்லாரும் பேசுவாங்க. நீங்க குடும்பத்தோட செஞ்சிக்கோட்டைக்குப் போனீங்களாமே, அதைச் சொல்லுங்க" என்று தலைவி சொல்லிவிட்டார். நல்லதாகப் போயிற்று. வட்டி விகிதத்தைப் பேசுவதைவிட இதைப் பேசுவது எங்களுக்கும் பிடிக்கும்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறோம். குழுவில் பதினாலு பேர். கோடம்பாக்கம் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் குடியிருக்கிறோம். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஐந்து பேர், தையல் தைப்பவர்கள் மூன்று பேர், ஒருவர் இட்லிக் கடை, ஒருவர் சினிமாவில் துணை நடிகையாகப் போகிறவர், மற்றவர்கள் பூக்கட்டுவது, கடைக்குப் பாக்கெட் போடுவது என்று கைக்குக் கிடைத்த வேலை. பட்டணத்துப் பெண்கள் என்று எங்களைத் தள்ளி வைக்காதீர்கள். எங்களில் பாதிப்பேர் உங்களைப் போல ஊரில் பிறந்து, நாற்று நட்டு, கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தவர்கள்தான்.

கோடம்பாக்கத்தில் கோட்டைக்குப் பஞ்சமில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கோட்டையை முதலில் பார்ப்பது சினிமா செட்டில். எங்கள் உறுப்பினர் ஒருவரின் அப்பா செட் வேலை செய்தவர். மரச்சட்டம் அடித்து, கோணி ஒட்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, கல் மாதிரி பெயின்ட் அடித்தால் சில நாளில் ஒரு கோட்டை எழுந்துவிடும். ஷூட்டிங் முடிந்ததும் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் கதையையே எம்.ஜி.ஆர். நடிக்க 'ராஜா தேசிங்கு' என்று 1960இல் படமாக எடுத்தார்கள். எங்கள் துணை நடிகை அக்கா எத்தனையோ அரண்மனையில் தோழியாக வெண்சாமரம் வீசியிருக்கிறார். "நிஜக் கோட்டையில ஒரு தடவை கால் வைக்கணும்டி" என்று குழுக் கூட்டத்தில் ஆரம்பித்தவர் அவர்தான்.

ஆனால் செஞ்சி என்று முடிவானதற்குக் காரணம் எங்கள் பொருளாளர் அக்கா. அவருக்குப் பிறந்த ஊர் செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம். சின்ன வயதில் அப்பாவோடு மாட்டு வண்டியில் மணிலா மூட்டை ஏற்றிக்கொண்டு செஞ்சி மார்க்கெட்டுக்கு வருவாராம். தினமும் களை எடுக்கும்போது தலை நிமிர்ந்தால் எதிரே அந்த மலையும் கோட்டையும் தெரியும். ஆனால் ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. "எதுக்குப் போகணும்? ஆடு தொலைஞ்சு போனாத் தேடப் போவாங்க, ஆம்பளைப் பசங்க நாவல்பழம் பறிக்கப் போவாங்க. பொட்டப் புள்ளைங்களை விடமாட்டாங்க" என்றார். அவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. அவர் சொன்னதும் மீட்டிங்கில் வேறு பேச்சே இல்லை. செஞ்சி என்று தீர்மானமாகிவிட்டது.

அடுத்தது பணம். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே எத்தனையோ குழுக்கள் இதில்தான் சண்டை போட்டுக்கொள்கின்றன.

குழுவின் சேமிப்பிலிருந்து எடுக்கக் கூடாது என்று ஊக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார். அது கடனுக்கும் அவசரத்துக்கும் உரிய பணம். அதனால் 'பயணச் சந்தா' என்று தனி நோட்டு போட்டோம். வாரம் தலைக்கு 30 ரூபாய், ஒரு வருடம். 52 வாரத்துக்கு ஆளுக்கு 1,560 ரூபாய், பதினாலு பேருக்கு 21,840 ரூபாய். மினி பஸ் வாடகை 15,500. மதியச் சாப்பாடு 3,400. நுழைவுச்சீட்டு, டீ, பிஸ்கட், தண்ணீர் கேன், சில்லறைச் செலவு 1,600. கையில் மிச்சம் 1,340 ரூபாய். 34 பேர் போனோம். நாங்கள் பதினாலு பேர், வீட்டுக்காரர்கள் ஏழு பேர், மாமியார்கள் இரண்டு பேர், பிள்ளைகள் பதினொரு பேர். தொல்லியல் துறையின் கோட்டை என்பதால் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அது எங்களுக்குப் பெரிய மிச்சம்.

பணத்தைவிடப் பெரிய வாக்குவாதம் சாப்பாட்டில் வந்தது. டூர் என்றால் என்ன செய்வோம்? முதல் நாள் ராத்திரி புளிக்காய்ச்சல், விடிகாலை இரண்டு மணிக்கு எழுந்து சாதம் வடித்துக் கிளறி, தயிர்சாதம் பிசைந்து, உருளைக்கிழங்கு வறுத்து, தூக்கில் போட்டு, எல்லாரையும் குளிக்க வைத்து, கடைசியில் தான் குளித்து, வண்டியில் ஏறித் தூங்கிவிடுவோம். போகிற இடத்தில் பரிமாறுவோம். திரும்பி வந்து பாத்திரம் கழுவுவோம். வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் அது டூர். நமக்கு அடுப்பு மட்டும் இடம் மாறியிருக்கும். "அன்னைக்கு ஒரு நாள் நாம யாரும் சமைக்கக் கூடாது" என்று தையல்கார அக்கா ஒருத்தர் சொன்னார். உடனே இட்லிக் கடை அக்கா, "அப்ப நான் செஞ்சு கொடுத்திடறேன், காசு குழுவுக்குள்ளேயே இருக்கும்" என்றார். "நீயும் உறுப்பினர்தானே, உனக்கு மட்டும் லீவு வேணாமா?" என்று கேட்டோம். முடிவில் பக்கத்துத் தெருவில் சமையல் தொழில் செய்யும் இன்னொரு மகளிர் குழுவிடம் ஆர்டர் கொடுத்தோம். 34 சாப்பாடு, தலைக்கு 100 ரூபாய். ஒரு மாமியார் "காசு கொடுத்துப் புளிசோறு வாங்கித் தின்கிற காலம் வந்துடுச்சு" என்று வண்டி கிளம்பும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டவரும் அவர்தான்.

பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலரை மணிக்குக் கிளம்பினோம். தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம். திண்டிவனத்தில் திருவண்ணாமலை ரோட்டில் திரும்பினால் முப்பது கிலோமீட்டருக்குள் செஞ்சி. சென்னையிலிருந்து கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஊர் தாண்டியதும் பெரிய பெரிய உருண்டைப் பாறைகளைக் கூடையில் அள்ளி வந்து கொட்டிவிட்டுப் போனது போல மலைகள். வண்டி திரும்பியதும் பேச்சு நின்றுவிட்டது. பொருளாளர் அக்கா மட்டும் ஜன்னலில் கையை நீட்டி, "அது ராஜகிரி, இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, அதோ அது சந்திரகிரி" என்று தன் வீட்டுத் திண்ணையைக் காட்டுவது போலக் காட்டினார். ரோட்டுக்கு ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் ராஜகிரி. இந்த மூன்று மலைகளையும் சேர்த்து வளைத்து ஒரு மதில். அதன் சுற்றளவு மட்டும் 13 கிலோமீட்டர் அளவு வரும். செட் வேலைக்காரரின் மகள் இறங்கியதும் முதல் வேலையாக மதிலைத் தட்டிப் பார்த்தார். கெட்டியாக இருக்கிறதாம்!

கோட்டை யார் கட்டியது என்று பிள்ளைகள் கேட்டார்கள். படித்துத் தெரிந்துகொண்டு போனதைச் சொன்னோம். 1190 வாக்கில் ஆனந்தக் கோன் என்ற கோனார் தலைவர் முதலில் ராஜகிரியில் கோட்டை கட்டியதாகச் சொல்கிறார்கள். ஆடு மாடு மேய்த்த குலத்தில் வந்தவர். அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் எதிர் மலையில் கட்டினாராம். பிறகு விஜயநகரத்தாரின் கீழ் நாயக்கர்கள் வந்தார்கள். 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை, 1677இல் சிவாஜி, 1698இல் ஔரங்கசீப்பின் படை, பிறகு ஆற்காட்டு நவாப், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். வருஷத்தை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம், பரீட்சை கிடையாது. வந்தவர்களில் பலரும் இருந்ததோடு மேலும் கட்டிச் சேர்த்தார்கள், அதைத்தான் அங்கே பார்க்கிறோம். அதனால் ஒரே வளைவுக்குள் நாயக்கர் காலத்து வெங்கடரமணர் கோயிலும் இருக்கிறது, நவாப் சாதத்துல்லா கான் காலத்து மசூதியும் இருக்கிறது. கோயிலில் இருந்த உயரமான கல்தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் இங்கிருந்து போனவைதான். அடுத்த தடவை அங்கே போனால் பாருங்கள்.

காலையிலேயே மலை ஏறிவிட வேண்டும். வெயில் ஏறினால் பாறை சுடும், பிற்பகலில் மேலே போக விடவும் மாட்டார்கள். ராஜகிரி சுமார் 800 அடி உயரம், படிகள் ஆயிரத்துக்கு மேல் என்கிறார்கள். நாங்கள் எண்ண ஆரம்பித்து முந்நூறிலேயே விட்டுவிட்டோம். படிகள் ஒரே அளவில் இல்லை. சில இடத்தில் முழங்கால் உயரம். வழியில் ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள். ஒவ்வொன்றும் நேராக வராமல் மடங்கி வரும். எதிரி கூட்டமாக ஓடி வர முடியாமல் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். நடுவழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டோம். குரங்குகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை: கையில் பாலித்தீன் பை தெரிந்தால் போதும், பறித்துக்கொண்டு போய்விடும். எங்கள் பிஸ்கட்டில் பாதி அதுகளுக்குத்தான். தண்ணீரைத் துணிப்பைக்குள் வைத்து எடுத்துப் போங்கள். வாசல் பக்கத்திலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறுங்கள், மலையில் அந்த வசதிக்கு இடம் கிடையாது.

முப்பத்து நாலு பேரில் பத்தொன்பது பேர் ஏறினோம். முழங்கால் வலிக்காரர்களும் மாமியார்களும் கைப்பிள்ளைகளும் கீழே கல்யாண மகால் நிழலில் இருந்தார்கள். கைப்பிள்ளை வைத்திருந்த ஒரு தங்கச்சி நானும் இருந்துவிடுகிறேன் என்றாள். அவள் வீட்டுக்காரர் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நீ போய்ட்டு வா, நான் அடுத்த வாட்டி பார்த்துக்கறேன்" என்றார். இதைக் கை தட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவள் மேலே போய் ஒரு மணி நேரம் பிள்ளையைப் பற்றிப் பேசாமல் இருந்ததை நாங்கள் பார்த்தோம், அதனால் சொல்கிறோம்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. கீழே எட்டிப் பார்த்தால் வயிறு கலங்கும். இப்போது அதன்மேல் நடந்து போகப் பாலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் மரப்பாலம், எதிரி வந்தால் எடுத்துவிடலாம். அதைத் தாண்டினால் உச்சியில் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, தானியக் களஞ்சியம். ஒரு பீரங்கியும் இருந்தது. பசங்கள் அதன்மேல் ஏறப் பார்த்து ஏச்சு வாங்கினார்கள்.

பொருளாளர் அக்கா எதையும் பார்க்கவில்லை. நேரே மதில் ஓரத்துக்குப் போய் நின்றார். கீழே ஏரி ஏரியாகத் தண்ணீர் பளபளக்கிறது, நடுவில் பச்சைப் பச்சையாகக் கழனி. ரொம்ப நேரம் கையை நெற்றியில் வைத்துத் தேடினார். பிறகு, "அதோ எங்க ஏரி. அந்தக் கரையில பனைமரம் நிக்குது பாரு, அதுக்கு இந்தாண்ட எங்கப்பா நிலம். இப்ப வித்தாச்சு" என்றார். எங்களுக்குப் பனைமரம் எதுவும் தெரியவில்லை. ஆமாம் ஆமாம் என்றோம். அங்கிருந்து அவரைக் கூப்பிட்டு இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இறங்கி வந்து மதியச் சாப்பாடு. ஆண்கள் பரிமாறினார்கள். யாருக்கு எவ்வளவு என்று தெரியாமல் முதல் பந்தியிலேயே உருளைக்கிழங்கைத் தீர்த்துவிட்டார்கள். நாங்கள் எழுந்து போய்த் திருத்தவில்லை. ஊறுகாயை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

இனி நாங்கள் அதிக நேரம் நின்று பார்த்த இடத்துக்கு வருகிறோம். ஆண்கள் மதிலையும் பீரங்கியையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நமக்குக் கண் வேறு இடத்துக்குத்தான் போகிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தது? சோறு எங்கே வைத்தார்கள்?

கல்யாண மகால் என்பது அரண்மனைப் பெண்கள் இருந்த இடம். நடுவில் எட்டு அடுக்கில் கோபுரம் மாதிரி ஒரு கட்டடம், சுற்றி அறைகள், தாழ்வாரம், படிக்கட்டு வைத்த குளம். வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து பூமிக்கடியில் சுட்ட மண் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டு வந்தார்கள், அது மாடிக்கும் ஏறியது என்கிறார்கள். இதைக் கேட்டதும் எங்கள் வீட்டு வேலை அக்காமார்கள் சிரித்த சிரிப்பு! கோடம்பாக்கத்தில் நாங்கள் இன்னும் தெருக் குழாயிலிருந்து குடம் குடமாக இரண்டாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டிருக்கிறோம். அந்த ராணிகளுக்கு மாடியில் குழாய்த் தண்ணீர்! ஆனால் அந்தக் குழாயைச் சுட்டவர் யாரோ, அடைத்துக்கொண்டால் குத்தி எடுத்தவர் யாரோ. மலை உச்சிக்கு அந்தக் குழாய் போகாது. அங்கே பாறைச் சுனை. அதிலிருந்து மொண்டு பட்டாளத்துக்குச் சமைத்தவர்களும், தண்ணீர் சுமந்தவர்களும், நெல் குத்தியவர்களும் எத்தனை பேரோ. ராஜாக்கள் பேர் எல்லாம் இருக்கிறது, இவர்களுக்குப் பேர் கிடையாது.

களஞ்சியம் என்று பெரிய பெரிய கூடங்கள், கூரை வளைவாக, சுவர் தடிமனாக, ஈரம் ஏறாமல் கட்டியிருக்கிறார்கள். உள்ளே போனால் வெளி வெயில் தெரியவில்லை. கீழேயும் களஞ்சியம், மலை உச்சியிலும் களஞ்சியம். எதிரே கிருஷ்ணகிரி மலையில் எண்ணெய் வைக்க ஒரு கிணறு, நெய் வைக்க ஒரு கிணறு என்றே காட்டுகிறார்கள். நெய்யைக் கிணற்றில் கொட்டி வைத்த குடும்பம்! நாங்கள் கால் கிலோ வாங்கித் தீபாவளிவரை வைத்திருக்கிறோம்.

இதெல்லாம் எதற்கு என்றால், ஒரு முற்றுகைக் கதை இருக்கிறது. சிவாஜியின் மகன் ராஜாராம் 1689இல் தன் நாட்டிலிருந்து தப்பி, வேஷம் மாற்றிக்கொண்டு இங்கே வந்து, செஞ்சியைத் தலைநகரமாக வைத்துக்கொண்டார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் வந்து முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698இல். ஏழு வருஷத்துக்கு மேல்! நடுவில் முற்றுகை தளர்ந்ததும் உண்டு, வெளியிலிருந்து மராட்டியப் படை வந்து கைகொடுத்ததும் உண்டு. மதில் சுற்றளவு பெரியது, முழுக்க வளைப்பதற்கு ஆள் போதாது. ஆனால் உள்ளே தண்ணீரும் தானியமும் இல்லாமல் இருந்தால் மதில் எவ்வளவு தடிமனாக இருந்து என்ன? பசி எடுத்தால் உள்ளேயிருந்தே கதவைத் திறந்துவிட்டிருப்பார்கள். ஏழு வருஷத்தில் அந்தக் கோட்டைக்குள் எத்தனை பிள்ளை பிறந்திருக்கும் என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

தேசிங்கு ராஜன் கதைக்கு வருகிறோம். உங்கள் ஊரில் தாத்தா பாட்டிகள் பாட்டாகவே பாடியிருப்பார்கள். உயிர் சிநேகிதன் ஒரு முஸ்லிம் வீரன். நிஜப் பேர் தேஜ் சிங். அப்பா சொரூப் சிங், ஔரங்கசீப்பால் இந்தக் கோட்டைக்கு அதிகாரியாக வைக்கப்பட்டவர். அவர் ஆற்காட்டு நவாபுக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கட்டாமல் நிலுவை வைத்துவிட்டு 1714இல் இறந்து போனார். பாக்கியை மகனிடம் கேட்டார் நவாப். இளவயது மகன் கட்ட மாட்டேன் என்றான், சண்டைக்குப் போனான், அந்த வருஷமே செத்தான். பாட்டிலும் சினிமாவிலும் குதிரையும் வாளும்தான் பெரிதாக வருகிறது. அடியில் பார்த்தால் அப்பன் வைத்த பாக்கி. இது நமக்குத் தெரியாத கதையா? எங்கள் குழுவிலேயே புருஷன் இறந்த பத்தாம் நாள் கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நின்ற வீடு இருக்கிறது.

செட்டிக்குளத்தின் கரையில் ஒரு மேடை இருக்கிறது. தேசிங்கை அங்கேதான் தகனம் செய்தார்கள், அவன் மனைவியும் அந்தச் சிதையிலேயே ஏறினாள் என்று சொல்கிறார்கள். ராணிப்பேட்டைக்கு அந்தப் பேர் அவளால்தான் வந்தது, எதிரியான நவாபே அவள் நினைவாக வைத்தார் என்றும் சொல்வார்கள். 2019இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமாகவே ஆகிவிட்டது.

அந்த மேடை முன்னால் எங்களுக்குள் கருத்து வேறாகிவிட்டது. வயதானவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு மாமியார் மஞ்சள் குங்குமம் கொண்டுவராமல் போனோமே என்றார். எங்கள் குழுவில் இருபத்தாறு வயதில் புருஷனை இழந்த ஒரு தங்கச்சி இருக்கிறாள். தையல் மிஷின் கடன் வாங்கி, முழுக்கக் கட்டி முடித்து, இப்போது இரண்டாவது மிஷின் போட்டிருக்கிறாள். அவள் கும்பிடவில்லை. "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். ராஜாவே சின்னப் பையன், அவள் இன்னும் சின்னவளாகத்தான் இருந்திருப்பாள் என்றோம். "அவளை யாராவது கேட்டாங்களா?" என்றாள். மாமியார் ஒருவர், "அவ பத்தினிடி, தானா ஏறினா" என்றார். "தானா ஏறினான்னு யார் பார்த்தா? ஏறலைன்னா விட்டிருப்பாங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரம் சங்கடமாகத்தான் இருந்தது. குடும்பத்தோடு வந்த இடத்தில் இது எதற்கு என்று ஒரு வீட்டுக்காரர் பேச்சை மாற்றப் பார்த்தார். நாங்கள் மாற்ற விடவில்லை. பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், சொல்ல வேண்டியதைச் சொன்னோம். வங்காளத்தில் 1829இலும் நம் சென்னை மாகாணத்தில் 1830இலும் உடன்கட்டையைத் தடை செய்து சட்டம் வந்தது. அப்படியும் 1987இல் ராஜஸ்தானில் ரூப் கன்வர் என்ற பதினெட்டு வயதுப் பெண் புருஷன் சிதையில் எரிந்து போனாள். அதற்குப் பிறகு, அதைப் பெருமையாகக் கொண்டாடுவதே குற்றம் என்று மத்தியச் சட்டம் வந்தது. அந்த மாமியார் ஒன்றும் சொல்லாமல் குளத்துப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். வண்டியில் திரும்பி வரும்போது அந்தத் தங்கச்சி பக்கத்தில் அவர்தான் உட்கார்ந்தார். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் கேட்கவும் இல்லை.

பக்கத்திலேயே 'கைதிக் கிணறு' என்று ஒரு பாறை. இயற்கையாக மேலிருந்து குழி விழுந்த பெரிய பாறை, அதன் தலையில் செங்கல் சுவர் கட்டியிருக்கிறார்கள். கைதிகளை அதற்குள் தள்ளிப் பட்டினி போட்டார்களாம். பசங்களுக்கு ராஜகிரியைவிட அதுதான் பிடித்தது. பிள்ளைகள் அப்படித்தான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்து ஒரே தொகுப்பாக அறிவித்தார்கள். அதில் பதினொன்று மகாராஷ்டிராவில், நம் தமிழ்நாட்டில் செஞ்சி ஒன்றுதான். இனிமேல் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருவார்கள். ஐரோப்பாவில் இந்த மாதிரி இடிந்த கோட்டைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பம் குடும்பமாக ரொட்டியைக் கட்டிக்கொண்டு போவார்களாம். நாம் திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலைக்குக் கிரிவலம் எத்தனை தடவை போயிருப்போம். பஸ் அந்தக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போகிறது. கோயிலுக்குப் போகிறேன் என்றால் வீட்டில் விடுவார்கள். சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் "அங்க என்ன இருக்கு?" என்பார்கள். எங்கள் பொருளாளர் அக்காவுக்கு அந்தக் கேள்வியைத் தாண்டி வர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது, அதுவும் கோடம்பாக்கத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. இங்கே விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் குழுக்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு மினி பஸ் வாடகைகூட வேண்டாம், லைன் பஸ்ஸே போதும்.

மிச்சமிருந்த 1,340 ரூபாயை என்ன செய்தீர்கள் என்று பின்னால் யாரோ கேட்கிறீர்கள். புதுப் பயண நோட்டில் முதல் வரவாக எழுதியிருக்கிறோம். அடுத்த வருடத்துக்கு ஓட்டெடுப்பு நடத்தினோம். வேலூர்க் கோட்டைக்கு எட்டு ஓட்டு, சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர் கோட்டைக்கு ஆறு ஓட்டு. வேலூரில் மலை ஏற வேண்டியதில்லை, அகழியில் தண்ணீர் இருக்கிறது, உள்ளேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலும் இருக்கிறது என்று முழங்கால் வலிக்காரர்கள் கட்சி கட்டி ஜெயித்துவிட்டார்கள். சதுரங்கப்பட்டினம் என்றால் கடலும் பார்க்கலாமே என்று தோற்ற கட்சி இன்னும் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறது. வாரச் சந்தாவை 35 ரூபாயாக்கலாமா என்பது வருகிற வியாழக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகும். உருளைக்கிழங்கு மட்டும் அதிகமாகச் சொல்ல வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.